வெப்பத்தை எங்கே கொட்டுவது? உயர்திறன் லேசர்களின் முதல் கால் நூற்றாண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு இயற்பியல் மாணவர்கள் முன்வரிசையிலும் இயந்திரவியல் மாணவர்கள் கதவோரமாகவும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச்சு முடிவதற்குள் இந்த வரிசை உங்களுக்கே தலைகீழாகத் தோன்றக்கூடும். லேசரைப் பிறப்பித்தவர்கள் இயற்பியலாளர்கள். அதில் தகராறே இல்லை. அதை வாட்டிலிருந்து நூறு கிலோவாட்டுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் ஏவுகணை மூக்கு எரியாமல் காப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாயு இயக்கவியல்காரர்கள். ஒளியை உண்டாக்கும் வழி 1960இலேயே கிடைத்துவிட்டது. அதோடு கூடவே பிறக்கும் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் கேள்வி. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதல் லேசரின் கதை உங்களுக்குத் தெரியும், எனவே விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1958இல் டவுன்ஸும் ஷாலோவும் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் ஒளி அலைகளுக்கான கோட்பாட்டை வெளியிட்டார்கள். 1960 மே 16ஆம் நாள் கலிஃபோர்னியாவின் மாலிபு ஊரில், ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில், தியோடர் மைமன் ஒரு சிறு ரூபித் துண்டைச் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்குக்குள் வைத்து, 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியை எடுத்துக் காட்டினார். விளக்கு சந்தையில் விற்றுக்கொண்டிருந்ததுதான். ஜூலையில் நியூயார்க்கில் செய்தியாளர் கூட்டம் நடந்தது. மறுநாளே ‘சாவுக்கதிர்’ என்று தலைப்புப் போட்ட நாளிதழ்கள் உண்டு. அப்போது வெளியான படத்தில் இருப்பது முதல் லேசரே அல்ல. உண்மைக் கருவி பார்வைக்கு அற்பமாக இருந்ததால் பெரிய விளக்கொன்றை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, அதே அளவு விளக்கை வாங்கிச் செய்துபார்த்த ஆய்வுக்கூடங்களிலும் லேசர் வேலை செய்தது!

ராணுவம் அதற்கு முன்பே காசைக் கொட்டியிருந்தது. லேசருக்கு அந்தப் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்த கோர்டன் கோல்டு, டிஆர்ஜி என்ற நிறுவனம் வழியாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பிடம் மூன்று லட்சம் டாலர் கேட்டார். 1959இல் அவர்கள் கொடுத்ததோ ஏறத்தாழ பத்து லட்சம். உலகில் ஒரு லேசர்கூட எரியாத காலம் அது. கொடுத்த கையோடு திட்டத்தை ரகசியமாக்கினார்கள். கோல்டு இளமையில் இடதுசாரிப் படிப்பு வட்டத்தில் இருந்தவர் என்று சொல்லி, அவருடைய சொந்தத் திட்டத்தின் ரகசிய வேலைக்குள் அவரையே விடவில்லை. அதிகாரிகளின் அறிவுக்கூர்மை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இனி கணக்குக்கு வருவோம். ‘உயர்திறன்’ என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒரு ஜூல் ஆற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 20 நானோநொடிக்குள் வெளியே தள்ளினால் உச்சத் திறன் 5 கோடி வாட், அதாவது 50 மெகாவாட். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் அதே ஒரு ஜூல் ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையைக் கால் பாகை உயர்த்துவதற்குக்கூடச் சற்றுப் போதாது. உச்சத் திறன் வேறு, சராசரித் திறன் வேறு. முதலாவதில் வெற்றி சீக்கிரம் வந்தது. இரண்டாவது உயிரை வாங்கியது.

உச்சத் திறனை உயர்த்திய தந்திரம் அதே ஹியூஸ் கூடத்தில் பிறந்தது. ஹெல்வார்த் 1961இல் யோசனை சொன்னார், அடுத்த ஆண்டு மெக்லங்கும் அவரும் செய்து காட்டினார்கள். ரூபியின் ஒரு பக்கத்து ஆடியைச் சற்று நேரம் மறைத்து வைக்க வேண்டும். விளக்கிலிருந்து ஆற்றல் ஏறிக்கொண்டே போகும், வெளியேற வழி இருக்காது. பிறகு கெர் கலம் என்ற மின்னணுக் கதவைச் சட்டென்று திறந்தால், சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரே துடிப்பில் கொட்டிவிடும். இதற்கு ‘ராட்சதத் துடிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். அளக்க நல்ல கருவி இல்லாத நாட்கள் அவை. எத்தனை சவர பிளேடுகளை அடுக்கிவைத்துத் துளைக்க முடிகிறது என்று பார்த்து, ‘இது மூன்று ஜில்லெட் லேசர், அது ஐந்து ஜில்லெட் லேசர்’ என்று ஆய்வுக்கூடங்களில் பேசிக்கொண்டார்கள். விளையாட்டுப் போலத் தெரியும். வெறும் வாட்டுகளைச் சொல்லுவதைவிட அது நேர்மையான அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. 1965இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் கம்பி இழுக்கும் வைர அச்சுகளில் துளையிட ரூபி லேசரைப் பயன்படுத்தினார்கள். தொழிற்சாலைக்குள் லேசர் நுழைந்தது அந்தச் சிறு துளை வழியாகத்தான்.

ராட்சதத் துடிப்பு வந்தவுடன் ஒரு புதுத் தலைவலியும் வந்தது: ஒளி தன்னைப் பெற்ற பொருளையே உடைத்தது. 1961இல் இலையஸ் ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த கண்ணாடியில் லேசர் எடுத்தார். ரூபிப் படிகத்தைப் பெரிதாக வளர்ப்பது கடினம். கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வார்க்கலாம். வார்த்தார்கள். சுட்டார்கள். தண்டின் உள்ளே மயிரிழை போன்ற நீண்ட கீறல்கள் விழுந்தன. காரணம் இரண்டு. ஒன்று, ஒளி மிகச் செறிவாகும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே கொஞ்சம் கூட்டிவிடுகிறது. கற்றையின் நடுவில் செறிவு அதிகம் என்பதால் நடுப்பகுதி குவிவில்லை போல வேலை செய்கிறது. கற்றை குவிகிறது, குவிந்ததால் செறிவு இன்னும் ஏறுகிறது, ஏறியதால் இன்னும் குவிகிறது. 1962இல் சோவியத் இயற்பியலாளர் அஸ்கார்யன் காகிதத்தில் கணித்திருந்த இந்தத் தற்குவிப்பைக் கண்ணாடித் தண்டுகள் காசு கொடுத்துக் கற்றன. இரண்டாவது காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தூய்மை கெடக்கூடாது என்று கண்ணாடியைப் பிளாட்டினக் கொப்பரையில் உருக்கினார்கள். கொப்பரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினத் துகள்கள் உள்ளே கலந்தன. ஒவ்வொரு துகளும் ஒளியை விழுங்கி, ஆவியாகி, சுற்றியுள்ள கண்ணாடியை வெடிக்க வைத்தது. பிளாட்டினத்தைக் கரைத்து அயனியாக்கிவிடும் உருக்குமுறை உறுதிப்பட 1980கள் வரை ஆயிற்று.

கண்ணாடிக்காரர்களின் பாதை லிவர்மோர் ஆய்வகத்தின் அணுக்கருப் பிணைவு லேசர்களுக்குப் போனது. 1977இல் அங்கே இயங்கத் தொடங்கிய இருபது கற்றை லேசருக்கு ‘சிவா’ என்று பெயர்; பல கைகள் கொண்ட கடவுள் என்பதால் வைத்தார்களாம். சுமார் பத்தாயிரம் ஜூல் தரும் கருவி அது. தற்குவிப்பை அடக்கக் கற்றையை வெற்றிடத்துக்குள் ஊசித்துளை வழியாகச் செலுத்தி அலைமுகத்தின் சிற்றலைகளை வடிகட்டினார்கள். தண்டுகளுக்குப் பதிலாகச் சாய்த்து வைத்த வட்டத் தகடுகளைப் பயன்படுத்தினார்கள். எல்லாம் நன்று. ஆனால் ஒருமுறை சுட்டால், கண்ணாடி ஆறி நேராகும் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணாடி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். உச்சத் திறனில் உலகத்தையே மிரட்டும் கருவியின் சராசரித் திறனை ஒரு நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு பல்பு எரியாது. கண்ணாடியை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இப்போது வாயு.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் கரியமில வாயுவிலிருந்து 10.6 மைக்ரான் அகச்சிவப்பு லேசரை எடுத்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று பெல் கூடத்துக்குப் போனவர். அந்தக் கண்டுபிடிப்பின்போது அவருக்கு வயது இருபத்தாறு. முதலில் வந்தது ஒரு மில்லிவாட் அளவு. பிறகு அவர் நைட்ரஜனைச் சேர்த்தார்.

நைட்ரஜன் ஏன்? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. மின்னிறக்கத்தில் எலெக்ட்ரான்கள் மோதினால் நைட்ரஜன் மூலக்கூறு எளிதாக அதிரத் தொடங்கும். தொடங்கிய அதிர்வை எளிதில் விடாது. இரண்டு அணுக்களும் ஒரே வகை என்பதால் அந்த ஆற்றலை ஒளியாக உமிழவும் அதற்கு வழியில்லை. கரியமில வாயுவின் மேல் லேசர் மட்டம் இருப்பது நைட்ரஜனின் அந்த அதிர்வு மட்டத்துக்கு நேர் பக்கத்தில், இரண்டும் 0.29 எலெக்ட்ரான் வோல்ட், வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே நைட்ரஜன் தான் சுமந்துகொண்டிருப்பதை மோதலில் அப்படியே கரியமில வாயுவிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஹீலியத்தையும் சேர்த்தபோது அது கீழ் மட்டத்தைக் காலி செய்தது, வெப்பத்தையும் சுவருக்குக் கடத்தியது. 1965இல் பட்டேலும் கூட்டாளிகளும் தொடர்ச்சியாக நூறு வாட்டைத் தாண்டினார்கள். ஓராண்டில் லட்சம் மடங்கு. ரூபியில் நூற்றுக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய காரியம்; இங்கே செலவிட்ட மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு ஒளியாக வந்தது.

அப்படியானால் மீதி எண்பத்தைந்து? வெப்பம்தான். கரியமில வாயு லேசரின் கீழ் மட்டங்கள் தரைமட்டத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. வாயு சில நூறு பாகை சூடானால் போதும், கீழ் மட்டம் தானாகவே நிரம்பிவிடும். மேலே நிறைய, கீழே கொஞ்சம் என்ற தலைகீழ் நிலை கலைந்து லேசர் அணைந்துவிடும். எனவே வாயுவைக் குளிர்ச்சியாக வைத்தே தீர வேண்டும். மூடிய கண்ணாடிக் குழாயில் வெப்பம் வெளியேற ஒரே வழி, வாயுவின் ஊடாக மெல்ல ஊர்ந்து சுவருக்குப் போய்ச் சேருவது. ‘குழாயை அகலமாக்கினால் திறன் கூடாதா?’ என்று கேட்பீர்கள். கூடாது. அண்டாவில் குவிந்த சோறு விடியும்வரை சுடும், வாழையிலையில் பரப்பினால் கை வைக்கும் முன் ஆறிவிடும். அகலக் குழாயின் நடுப்பகுதி அண்டாச் சோறு. கணக்குப் போட்டால் வரும் முடிவு விசித்திரமானது: குழாயின் விட்டம் எதுவானாலும், ஒரு மீட்டர் நீளத்துக்கு 50 முதல் 80 வாட் வரைதான் எடுக்க முடியும். கிலோவாட் வேண்டுமா? பதினைந்து, இருபது மீட்டர் குழாய். பத்துக் கிலோவாட்? நூற்றைம்பது, இருநூறு மீட்டர். குழாய்களை மடித்து மடித்து அடுக்கி, மூலைக்கு மூலை ஆடி வைத்து, அப்படியும் செய்து பார்த்தவர்கள் உண்டு. கட்டடம் கட்டலாம், கருவி என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் வருகிறார். இன்றைய பேச்சில் எனக்கு மிகப் பிடித்தமான ஆள்.

1913இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வகத்தில் வானூர்தி ஆராய்ச்சியில் இருந்தார். அங்கே அவர் ஆராய்ந்தது, இந்த அரங்கில் யாருக்கும் உற்சாகம் தராத ஒரு பொருள். வாயு வேகமாகப் பாய்ந்து திடீரென்று சூடாகும்போதோ குளிரும்போதோ, மூலக்கூறுகளின் ஓட்ட ஆற்றல் உடனே மாறிவிடுகிறது, அதிர்வு ஆற்றல் மட்டும் பின்தங்கி நிற்கிறது. டர்பைன் தகடுகளுக்கு இடையே இது நேர்ந்தால் ஆற்றல் வீணாகும். ஆகவே இது ஓர் இழப்பு, ஒரு தொல்லை. அந்தத் தொல்லையை அளக்க அவர் பயன்படுத்திய வாயு கரியமில வாயு. பின்பு எட்வர்ட் டெல்லரிடம் கொலம்பியாவில் முனைவர் பட்டம், கார்னெலில் பேராசிரியர் பணி. 1955இல் பாஸ்டனுக்கு அருகில் எவரெட் என்ற ஊரில் ஆவ்கோ எவரெட் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஏவுகணை வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது அதன் மூக்கில் என்ன நடக்கும் என்பதை அதிர்ச்சிக் குழாய்களில் ஆராய்வதுதான் அவர்கள் வேலை. பல்லாயிரம் பாகை வாயுவை மில்லிநொடி நேரம் உண்டாக்கி அளக்கத் தெரிந்த கூட்டம்.

வாயுவைத் திடீரென்று குளிரவைத்துத் தலைகீழ் நிலையை உண்டாக்கலாம் என்ற எண்ணம் 1963இல் பாசோவும் ஒரேயெவ்ஸ்கியும் மாஸ்கோவில் சொன்னது. பஃபலோவில் ஹெர்ட்ஸ்பெர்க்கும் ஹர்லும் அதை நாசில் வழியாக வாயுவை விரித்துச் செய்ய முயன்றார்கள். அவர்கள் எடுத்த வாயு வேறு, லேசர் கிடைக்கவில்லை. கரியமில வாயு, நைட்ரஜன் இணையை விரிவாக்கத்தோடு சேர்க்கும் யோசனையை 1966இல் கொன்யுகோவும் புரோகோரோவும் எழுதினார்கள். அதே ஆண்டில் ஆவ்கோவில் எட்வர்ட் ஜெர்ரியும் குழுவினரும் செய்தே விட்டார்கள். யார் முதலில் என்ற வழக்கை நான் எடுக்கவில்லை. கருவி எங்கே ஓடியது என்று பார்த்தால் எவரெட் தெரிகிறது, காகிதத்தைப் பார்த்தால் மாஸ்கோ தெரிகிறது.

கருவி இப்படி வேலை செய்கிறது. ஓர் எரிகலனில் எரிபொருளை எரித்து, நைட்ரஜன் பெரும்பங்கும் கரியமில வாயு நூற்றுக்கு எட்டுப் பங்கு போலவும் நீராவி ஒன்றிரண்டு பங்கும் உள்ள கலவையைத் தயாரிக்க வேண்டும். வெப்பநிலை 1400 கெல்வின் அளவு, அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பதினைந்து, இருபது மடங்கு. இந்தக் கலவையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய தொண்டை கொண்ட நாசில்கள் பலவற்றை வரிசையாக அடுக்கிய சுவர் வழியாக விட வேண்டும். வாயு நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், ஒலியைப் போல் நான்கு மடங்கு விரைவில், அப்பால் பாய்கிறது. அதன் வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. நைட்ரஜனின் அதிர்வு மட்டும் எரிகலனில் இருந்த சூட்டிலேயே உறைந்து நிற்கிறது. ஆக, நைட்ரஜன் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கரியமில வாயுவின் மேல் மட்டம் நிறைந்திருக்கிறது. நீராவி மோதி மோதிக் கீழ் மட்டத்தைக் காலி செய்கிறது. நாசிலைத் தாண்டிச் சில சென்டிமீட்டரில் தலைகீழ் நிலை தயார். ஓட்டத்துக்குக் குறுக்கே இரண்டு ஆடிகளை வைத்தால் லேசர். லாங்லியில் தொல்லையாக இருந்த அதே பின்தங்கல்தான் இங்கே எல்லா வேலையையும் செய்கிறது.

மின்சாரமே கிடையாது. கழிவு வெப்பமோ, ஊர்ந்து சுவருக்குப் போக வேண்டிய அவசியமில்லாமல், வாயுவோடு சேர்ந்து புகைபோக்கி வழியாக வெளியே ஓடிவிடுகிறது. நீளத்துக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு செத்துப்போனது. நொடிக்கு எத்தனை கிலோ வாயு பாய்கிறது என்பதே புதிய கணக்கு. 1970இல் ரகசியத் திரை சற்று விலகியபோது ஜெர்ரி வெளியிட்ட எண் 60 கிலோவாட். அதில் நல்ல தரமான ஒற்றைக் கற்றையாக எடுத்தது 30. அதற்கு முன்பே மூடிய கதவுக்குள் 138 கிலோவாட் வரை போயிருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லாவிட்டால் வேதியியல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நீராவி ஒன்றிரண்டு பங்கு இருந்தால் நண்பன். மிகுந்தால் மேல் மட்டத்தையும் சேர்த்துக் காலி செய்துவிடும். எனவே ஹைட்ரஜன் மிகுந்த எரிபொருள் ஆகாது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் ஊற்றி எரிக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு, சயனோஜென் போன்ற, பெயரைக் கேட்டாலே ஓட வேண்டிய பொருள்கள் தேவைப்பட்டன. இன்னொன்று, எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் ஒளி. நூறு கிலோவாட் லேசர் என்றால் பத்து மெகாவாட் உலை. சோதனை அறையில் நிற்பவருக்கு ராக்கெட் எஞ்சின் சோதனைக்கும் இதற்கும் காதில் வேறுபாடு தெரிந்திருக்காது.

நூறு கிலோவாட் ஒளி கையில் வந்துவிட்டது. அதை வெளியே எடுப்பது எப்படி? லேசர் அறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைவிட மிகக் குறைவு. எனவே கற்றை வெளியேறும் வாயிலில் ஒரு சன்னல் வேண்டும். 10.6 மைக்ரானுக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் போன்றது, ஒளி போகவே போகாது. ஒளி போகும் பொருள்களில் சோடியம் குளோரைடு, நம் சமையலுப்புதான், நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈரக்காற்றில் மங்கும், மென்மையானது, வெடிக்கும். ஜெர்மானியம் உறுதியானது. அதில் வேறு வினை: சூடாகச் சூடாக அதற்குள் நகரும் மின்சுமைகள் பெருகி, இன்னும் அதிகமாக ஒளியை விழுங்கும், விழுங்கியதால் இன்னும் சூடாகும், முடிவில் சன்னல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். திறன் ஏற ஏற, எந்தத் திடப்பொருளும் தாங்காது என்ற நிலைக்கு வந்தார்கள். விடை மறுபடியும் வாயு இயக்கவியல்காரர்களிடமிருந்தே வந்தது. வாயிலுக்குக் குறுக்கே மீயொலி வேகத்தில் ஒரு காற்றுத் திரையைப் பாய்ச்சினால், திரையின் வளைவே இரு பக்க அழுத்த வேறுபாட்டைத் தாங்கும். திடச் சன்னலே இல்லாத சன்னல். இயந்திரவியல் மாணவர்கள் இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். உந்த மாற்றத்தின் அழகான பயிற்சி.

ஆடிகளுக்கும் இதே கதிதான். மெருகேற்றிய செம்பு 10.6 மைக்ரான் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். மீதி ஒரு பங்கு, நூறு கிலோவாட்டில், ஒரு கிலோவாட். உள்ளங்கையளவு ஆடியில் ஒரு மின்னடுப்பின் சூடு. உருகிவிடும் என்பதல்ல பயம்; ஆடியின் பரப்பு அரை மைக்ரான் புடைத்தாலே அலைமுகம் கெட்டு, தொலைவில் குவியும் புள்ளி சிதறிவிடும். பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய கால்வாய்கள் வெட்டி நீர் ஓடவிட்டார்கள். நீரின் பாய்ச்சல் ஆடியை நடுக்கியது. கற்றை இலக்கில் தள்ளாடியது. ஒன்றைத் தீர்த்தால் ஒன்று.

ஆடிகளை அமைக்கும் விதமும் மாற வேண்டியிருந்தது. சிறு லேசர்களில் ஒரு பக்கம் பகுதி ஒளியை விடும் ஆடி வைப்போம். இங்கே அந்த ஆடிக்குள்ளே ஒளி புகுந்து போக வேண்டும், அது தாங்காது. ஸ்டான்ஃபோர்டின் ஆண்டனி சீக்மன் 1965இல் எழுதியிருந்த ‘நிலையற்ற ஒத்ததிர்வுக் கலன்’ என்ற அமைப்பு கைகொடுத்தது. அதில் ஒளி ஒவ்வொரு முறை எதிரொளிக்கும்போதும் அகன்று, சிறிய ஆடியின் விளிம்பைச் சுற்றி வழிந்து வெளியேறும். எல்லா ஆடிகளும் முழு உலோகம், பின்னால் நீர். கற்றை நடுவில் ஓட்டையுள்ள வளையமாக வரும். தொலைவில் குவித்தால் ஓட்டை மறைந்துவிடும். ஐந்தாண்டுக்கு முன் காகிதத்தில் கிடந்த கருத்து, வாயு லேசர்களுக்காகவே பிறந்தது போல் பொருந்தியது.

வெளியே வந்த கற்றைக்கு அடுத்த எதிரி காற்று. வளிமண்டலத்தில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் 10.6 மைக்ரான் ஒளியில் சிறு பங்கை விழுங்கும். கற்றை போகும் பாதையில் காற்று சூடாகி விரியும், நடுவில் அடர்த்தி குறையும், குழிவில்லை உண்டாகிக் கற்றை விரிந்துவிடும். திறனைக் கூட்டினால் தொலைவில் செறிவு கூடுவதற்குப் பதில் ஓர் எல்லைக்குப் பிறகு குறையத் தொடங்கும். எத்தனை கோடி செலவிட்டாலும் இந்த எல்லையைக் கடந்து காட்ட முடியாது என்பதை நிதி கேட்பவர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுவது வழக்கம். இதிலேயே ஒரு வினோதமும் உண்டு. ஆவ்கோவில் உட், காமாக், ஜெர்ரி மூவரும் 1971இல் காட்டியது: காற்றிலுள்ள கரியமில வாயு விழுங்கும் ஆற்றல் முதலில் நைட்ரஜனின் அதிர்வுக்குப் போகிறது, நைட்ரஜன் உடனே விடாது என்று பார்த்தோம் அல்லவா, அதனால் கற்றைப் பாதையில் காற்று ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சூடாவதற்குப் பதில் குளிர்கிறது! பிறகுதான் சூடாகிறது. குறுகிய துடிப்புகளுக்கு இது உதவும். தொடர்ந்து எரியும் கற்றைக்கு உதவாது.

இத்தனை தடைகளையும் ஒன்றாகச் சேர்த்து வானில் பறக்கவிட்டது அமெரிக்க விமானப்படை. 1973 நவம்பரில் நியூ மெக்சிகோவில், கர்ட்லண்ட் தளத்தினர் தரையில் நிறுத்திய வாயு இயக்கவியல் லேசரால் ஆளில்லா விமானம் ஒன்றை வீழ்த்தினார்கள். அடுத்து அதே வகை லேசர் ஒன்றை நான்கு எஞ்சின் கேசி-135 விமானம் ஒன்றுக்குள் ஏற்றினார்கள். 1981இல் வான்வழி ஏவுகணைகளைத் தாக்கும் முதல் முயற்சிகள் தோற்றன, பத்திரிகைகள் கிண்டலடித்தன. 1983இல் ஐந்து சைட்வைண்டர் ஏவுகணைகளைச் செயலிழக்கச் செய்தார்கள். லேசரின் திறன் நானூறு, ஐந்நூறு கிலோவாட் அளவு. மறு ஆண்டே திட்டம் ஓய்வு பெற்றது. விமானம் பின்னர் ஒஹையோவின் டேட்டன் அருகிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெற்றி பெற்றதை ஏன் கைவிட்டார்கள்? காரணம் அலைநீளம். ஒரு மீட்டர் ஆடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில், வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், 10.6 மைக்ரான் ஒளி கால் மீட்டர் அகலப் புள்ளியாகத்தான் குவியும். ஒரு மைக்ரான் ஒளி இரண்டரை சென்டிமீட்டருக்குக் குவியும். செறிவில் நூறு மடங்கு வேறுபாடு. ஆடியைப் பத்து மடங்கு பெரிதாக்குவதைவிட அலைநீளத்தைக் குறைப்பது எளிது. அதனால் ராணுவம் வேதி லேசர்களின் பக்கம் திரும்பியது: 1965இல் பெர்க்லியில் காஸ்பரும் பிமென்டலும் ஹைட்ரஜன் குளோரைடில் தொடங்கியது, பிறகு ஹைட்ரஜன் ஃபுளூரைடு, டியூட்டீரியம் ஃபுளூரைடு, 1977இல் 1.3 மைக்ரானில் ஆக்சிஜன் அயோடின். நச்சும் அரிப்பும் நிறைந்த இந்த உலகத்துக்குள்ளும் நாசில்களின் வரிசையும் மீயொலி ஓட்டமும் அப்படியே போயின. 1980இல் மெகாவாட்டை எட்டிய ‘மிராக்கிள்’ என்ற லேசரை வெளியிலிருந்து பார்த்தால் அது லேசரா, ராக்கெட் எஞ்சினா என்று சொல்வது கடினம்.

தொழிற்சாலையின் கதை அமைதியானது, என் கணிப்பில் அதிகப் பயன் தந்தது. 1967இல் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஹோல்ட்கிராஃப்ட், 300 வாட் கரியமில வாயு லேசரோடு ஆக்சிஜன் பீச்சலைச் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். வேண்டிய அளவு திறனுள்ள சிறிய லேசர் அப்போது இல்லை. வாயுவை ஓடவிட வேண்டும் என்ற பாடம் அங்கேயும் உதவியது. இங்கே எரிகலனும் வேண்டாம், மீயொலியும் வேண்டாம். ஊதுகருவி ஒன்று குழாய் வழியாக வாயுவை நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் சுற்றவிடும். வெப்பமாற்றி அதைக் குளிர்விக்கும். அதே வாயு திரும்ப வரும். மீட்டருக்கு 80 வாட் என்ற எல்லை இருந்த இடத்தில் கிலோவாட் கணக்கில் கிடைத்தது. 1980களிலும் 90களிலும் உலகெங்கும் தகடு வெட்டிய லேசர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பழைய பணிமனைகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், லேசரைப் பற்றி அல்ல, அந்த ஊதுகருவியின் பேரிங்கைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

இந்த நூற்றாண்டில் கண்ணாடி இழை லேசர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஸ்னிட்சர் 1960களின் தொடக்கத்திலேயே இழையில் லேசர் எடுத்திருந்தார். அதைத் தூண்டத் தக்க குறைகடத்தி டையோடுகள் மலிவாகக் கிடைக்கும் வரை யோசனை காத்திருந்தது. மயிரிழை போன்ற கண்ணாடியில் வெப்பம் வெளியேறக் கடக்க வேண்டிய தொலைவு மிகக் குறைவு, பரப்போ பல மீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கிறது. தகடு வெட்டும் பல கிலோவாட் லேசர் இப்போது ஒரு பீரோ அளவுப் பெட்டிக்குள் அடங்குகிறது, ஊதுகருவி இல்லாமல். 2010 வாக்கில் ஒற்றை இழையிலிருந்து எடுக்கும் திறன் ஓர் எல்லையைத் தாண்டியதும் நல்ல கற்றை திடீரென்று கலைந்து ஆடத் தொடங்குவதைக் கவனித்தார்கள். இழைக்குள் ஒளி உண்டாக்கும் சிறு வெப்பநிலை வேறுபாடுகளே காரணம் என்று தெரியவந்தது. இழையின் உள்ளமைப்பை மாற்றி அந்த எல்லையை உயர்த்தும் வேலை பல ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.